தீயணைப்பு வீரர் உடம்பில் சென்சார் கட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

வடசென்னையில் எண்ணெய், ரசாயன ஆலைகள் அடுத்தடுத்து நிற்கும் பகுதியில், ஒரு ஆலையின் தீயணைப்புப் பிரிவில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். வேலை நடக்கும்போதே ஆட்களின் நாடித்துடிப்பு, உடல் சூடு, அசைவு இவற்றை அளந்து சொல்லும் சென்சார்களைச் சில கோடைகளாகப் பயன்படுத்தி வருகிறோம். வாங்கலாமா, பிரயோஜனம் உண்டா என்று மற்ற ஆலைகளில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். விற்க வருகிறவர் காட்டும் வீடியோவுக்கும் ஷிஃப்டில் நடப்பதற்கும் நிறைய இடைவெளி இருப்பதால், பார்த்ததை எழுதி வைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆள் தீக்குப் பக்கத்தில் நிற்கும்போது இந்தக் கருவிகள் எங்களுக்குக் கொஞ்சம்தான் உதவின. வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் நிறைய உதவின.

தீயணைப்பு வேலையில் உயிர் எதனால் போகிறது என்று கேட்டால் தீக்காயம், புகை, கட்டடம் இடிந்து விழுவது என்றுதான் யாரும் சொல்வார்கள். அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியில் இறந்த தீயணைப்பு வீரர்களின் கணக்கை ஹார்வர்டின் ஸ்டெஃபனோஸ் கேல்ஸ் குழுவினர் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். அங்கே பணியின்போது நேரும் மரணங்களில் 45 சதவீதத்துக்கு இதயநோய்தான் காரணம். அப்படி இதயத்தால் போனவர்களில் 32 சதவீதம் பேர் தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது இறந்திருக்கிறார்கள். ஒரு வீரரின் மொத்தப் பணிநேரத்தில் தீயோடு நேருக்கு நேர் நிற்பது 1 முதல் 5 சதவீதம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய எண் என்று புரியும். என் மனதில் அதைவிட ஆழமாகப் பதிந்தது வேறொரு எண். 17 சதவீதம் பேர் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் இறந்திருக்கிறார்கள். தீ அணைந்துவிட்டது, ஹோஸைச் சுருட்டி வண்டியில் ஏற்றியாகிவிட்டது, இனிமேல் பயமில்லை என்று எல்லோரும் நினைக்கிற நேரம் அது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 2017-ல் வந்த ஒரு ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. புகைபிடிக்காத, ஆரோக்கியமான 19 தீயணைப்பு வீரர்களைப் பயிற்சித் தீயில் இறக்கிச் சோதித்தார்கள். வேலை முடிந்த பிறகு அவர்களின் ரத்தம் உறையும் தன்மை கூடியிருந்தது. ரத்தக்குழாய்களும், விரிவதற்கு மருந்து கொடுத்த பிறகுகூட, சரியாக விரியவில்லை. நல்ல உடம்புக்காரர்களுக்கே இந்த நிலை என்றால், நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருக்கு என்ன ஆகும்?

ஃபயர் சூட்டைப் போட்டு வேலை செய்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. வெளித்துணி, நடுவே நீர் புகாத படலம், உள்ளே வெப்பத்தைத் தடுக்கும் லைனிங் என்று மூன்று அடுக்கு. முதுகில் மூச்சுவிடக் காற்று தரும் சிலிண்டரும் மாஸ்க்கும் கொண்ட பி.ஏ. செட், தலையில் ஹெல்மெட், காலில் பூட்ஸ் என்று எல்லாம் சேர்த்தால் 20 கிலோவுக்கு மேல் வரும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், ஃபயர் சூட்டுக்குள் அது ஆவியாக வழியே இல்லை. கத்திரி வெயில் காலத்தில், கடற்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் பிற்பகலில், தீயே இல்லாத மாக் டிரில் ஒத்திகையில்கூட ஆட்கள் தொப்பலாக நனைந்துவிடுவார்கள். இன்னொன்று, வெளியே வந்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரத்துக்கு உடம்பின் உள்சூடு ஏறிக்கொண்டே போகும். தசைகளில் தேங்கிய சூட்டை ரத்தம் உள்ளே கொண்டுபோகிறது, ஃபயர் சூட் அதை வெளியே விடுவதில்லை. 'ஆளு வெளிய வந்துட்டான், இனி சரியாயிடுவான்' என்று நினைக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் கண்ணை எடுக்கக் கூடாத நேரம்.

சரி, கருவிக்கு வருவோம். மணிக்கட்டு, மேற்கை, நெஞ்சு என்று மூன்று இடத்திலும் கட்டிப் பார்த்தோம். மணிக்கட்டில் கட்டும் வாட்ச் வகை எங்கள் வேலைக்குச் சரிப்படவில்லை. அது தோலுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. கையுறை மணிக்கட்டை இறுக்கும், தண்ணீர் பாயும் வேகத்தில் ஹோஸின் முனையான பிராஞ்சைப் பிடித்த கை அதிரும், வியர்வையில் வாட்ச் வழுக்கும். ஓடி வருகிறவரின் காலடி வேகத்தையே துடிப்பு என்று எண்ணிக் காட்டியதும் உண்டு. முழங்கைக்கு மேலே கட்டும் பட்டையும் அதே வெளிச்சத்தில்தான் இயங்குகிறது என்றாலும், அந்த இடத்தில் ஆட்டம் குறைவு என்பதால் பரவாயில்லை. நெஞ்சுப் பட்டை இதயத்தின் மின்துடிப்பை நேரடியாக எடுக்கிறது. மூன்றில் அதைத்தான் நம்பலாம்.

ஆனால் நெஞ்சுப் பட்டையிலும் நெளிவு சுளிவு உண்டு. கட்டுவதற்கு முன்னால் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த தோலில் முதல் சில நிமிடத்துக்கு அது கன்னாபின்னாவென்று எண் காட்டும். தொப்பை உள்ளவருக்குப் பட்டை கீழே இறங்கிக்கொண்டே வரும். பி.ஏ. செட்டின் இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான். பின்பக்கம் தோள் வழியாக ஒரு வார் கொடுத்துத் தைத்த பிறகுதான் நின்றது, தைத்துக் கொடுத்தவர் ஆலைக்கு வெளியே இருக்கும் தையல்கடைக்காரர். ஒரே பட்டையை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாற்றிக் கட்டச் சொன்னால் யாரும் கட்ட மாட்டார்கள், கட்டவும் கூடாது. வேர்க்குரு, படர்தாமரை எல்லாம் அதன் வழியாகவே பரவும். கருவி பொதுவாக இருக்கலாம், பட்டை ஆளுக்கொன்று பெயர் எழுதித் தர வேண்டும். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளர்ந்துபோகும் என்பதால் மாற்றுப் பட்டைக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

சார்ஜ் போடுவது யார் வேலை என்பது பெரிய கேள்வியாக இருந்தது. தனி ரிஜிஸ்டர், தனி ஆள் என்று வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது. காலை ஷிஃப்ட் கைமாறும்போது பி.ஏ. செட்டின் பிரஷர், மாஸ்க், விசில் எல்லாம் பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போன வேலை. அதே தாளில் கடைசி வரியாக இதையும் சேர்த்தோம். அன்றிலிருந்து சார்ஜ் இல்லாத கருவி என்ற பேச்சே இல்லை.

அலாரம் எந்த எண்ணில் அடிக்க வேண்டும் என்பதில்தான் அதிக நேரம் செலவானது. எங்களிடம் வந்த கருவியில் எல்லோருக்கும் ஒரே அளவாக நிமிடத்துக்கு 160 துடிப்பு என்று வைத்திருந்தார்கள். டிரில்லில் ஹோஸை இழுத்துக்கொண்டு படியேறினால் இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு 170 சர்வசாதாரணம். ஒரே நேரத்தில் எல்லோருடைய கருவியும் கத்தியது. அப்படிக் கத்தினால் நிஜமாகவே ஒருவருக்கு ஆகாமல் போகும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது ஒருவரின் உச்சத் துடிப்பு என்பது பொதுவான கணக்கு. அதை வைத்து ஆளுக்கு ஆள் அளவை மாற்றினோம். அதோடு, துடிப்பு ஒரு நொடி எகிறினால் அடிக்காமல், தொடர்ந்து சில நிமிடம் உயரத்திலேயே நின்றால் மட்டும் அடிக்கும்படி வைத்தோம். எவ்வளவு உயரம் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம்.

இதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு மற்றவர்களைப்போல ஏறாது. அந்த மாத்திரையின் வேலையே அதுதான். உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும், திரையில் பச்சையாகவே இருக்கும். எனவே யார் யார் இந்த மாத்திரை எடுக்கிறார்கள் என்பது ஆலை மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர்களுக்குத் துடிப்பை நம்பாமல் நேரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். கருவி வாங்கப்போகும் யாரும் இந்த ஒன்றை மட்டுமாவது மறந்துவிடாதீர்கள்.

உடலின் உள்சூட்டை அளக்க முழுங்கும் மாத்திரை வடிவ சென்சார் உண்டு, ஆராய்ச்சிகளில் பயன்படுத்துகிறார்கள். தினசரி ஷிஃப்டுக்கு அது ஆகாது. வெளியே விற்கும் பட்டைகளில் பெரும்பாலானவை உள்சூட்டை நேரடியாக அளப்பதில்லை, துடிப்பு ஏறி இறங்கும் போக்கை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் மார்க் புல்லர் குழு 2013-ல் வெளியிட்ட கணக்கு முறை இதில் பேர்பெற்றது. பத்துப் பேரின் சராசரிக்கு அது நன்றாக ஒத்துவரும், குறிப்பிட்ட ஒரு ஆளுக்கு வித்தியாசம் வரலாம். திரையில் 38.6 என்று வந்தால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்ததுபோல எடுத்துக்கொள்ளாதீர்கள்.

துடிப்பையும் உள்சூட்டையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகச் சொல்லும் முறை 1998-லேயே வந்துவிட்டது. இஸ்ரேலைச் சேர்ந்த டேனியல் மோரன் குழுவினர் வகுத்தது, 0 முதல் 10 வரை போகும். உள்சூட்டுக்கு 5, துடிப்புக்கு 5. ஓய்வில் 37 டிகிரியும் 70 துடிப்பும் உள்ள ஒருவர் 38.5 டிகிரிக்கும் 150 துடிப்புக்கும் போனால், சூட்டுக்கு 3, துடிப்புக்கு 3.6, ஆகமொத்தம் 6.6. இன்னும் நிற்கலாம், ஆனால் வெளியே வருவதற்கு ஆயத்தம் செய்ய வேண்டிய நிலை என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் ஆட்களுக்கு இந்த மதிப்பெண் உடனே பிடித்துப்போனது. 'இப்ப எத்தனை சார்?' என்று அவர்களே கேட்பார்கள்.

உள்ளே இருக்கும் ஆளின் எண்கள் வெளியே வந்து சேர்வது தனிப் பாடு. தடித்த இரும்புக் கலங்கள், குழாய் வரிசைகள், கான்கிரீட் கண்ட்ரோல் ரூம் என்று ஆலை முழுக்க ரேடியோ அலையை மறிக்கும் பொருள்கள்தான். புளூடூத் பத்தடி தாண்டாது. நடுவில் சிக்னலை வாங்கி அனுப்பும் ரிலே பெட்டிகள் வைத்தால் வருகிறது, அதுவும் விட்டுவிட்டு. எண் வராத நேரத்தில் திரை கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்தால் அது ஏமாற்று வேலை. தொடர்பு அறுந்தால் அறுந்தது என்று சாம்பல் நிறத்தில் காட்ட வேண்டும். டெமோ கொடுக்க வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். கையோடு ஆளை ஒரு டேங்க்குக்குப் பின்னால் அனுப்பிப் பாருங்கள்.

வாட்ச், போன் எதுவும் எங்கள் ஆலையின் அபாயப் பகுதிக்குள் போக முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எரிவாயு கசியக்கூடிய இடத்தில் பேட்டரிப் பொறியே தீ வைத்துவிடும். அதனால் தீப்பொறி வராத வகையில் வடிவமைத்ததற்குச் சான்று பெற்ற கருவியாக இருக்க வேண்டும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் பெசோ அமைப்பின் ஒப்புதல் இருக்கிறதா என்று பர்ச்சேஸ் ஆர்டருக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். விலை மலிவு என்று விளையாட்டு வீரர்களுக்கான பட்டைகளை வாங்கி, கடைசியில் டிரில் மைதானத்தில் மட்டும் பயன்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஒரு கோடையில் பம்ப் சீல் ஒன்றில் பிடித்த தீயை அணைத்துவிட்டுக் குழு வெளியே வந்தது. பெரிய தீ ஒன்றும் இல்லை. ஃபோம் அடித்து, பக்கத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் காட்டிக் குளிரவைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் பிரிவிலேயே அனுபவசாலியான அண்ணன் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், முதல் சிலிண்டரை முடித்துவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த இளைஞர்களின் துடிப்பெல்லாம் பத்து நிமிடத்தில் நூறுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. அவருக்கு மட்டும் 138-ஐ விட்டு இறங்கவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பேச்சும் தெளிவாக இருந்தது. 'ஒண்ணும் இல்ல சார், அடுத்த செட்டு மாட்டி விடுங்க, நான் போறேன்' என்றார். சென்சார் இல்லாவிட்டால் அனுப்பியிருப்போம், அவர் சொன்னால் நம்பக்கூடிய மனிதர். அனுப்பாமல் ஆலை மருத்துவ மையத்துக்குக் கூட்டிப்போனோம். ஈ.சி.ஜி.யில் கோளாறு இல்லை. தெர்மாமீட்டரில் 102 காட்டியது. சூட்டினால் ஏறியதாக இருக்கும் என்று குளிர்வித்துப் பார்த்தார்கள், மறுபடி ஏறியது. விசாரித்தபோதுதான் முந்தின நாளே காய்ச்சல் வந்தது தெரிந்தது. பாராசிட்டமால் போட்டு அமுக்கிவிட்டு ஷிஃப்டுக்கு வந்திருக்கிறார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி, வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

கருவி காட்டியது ஒரு எண். அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தது சம்பளப் பிரச்சினை. அதன்பிறகு நிர்வாகத்தோடு பலமுறை உட்கார்ந்து பேசி ஒன்றை வாங்கினோம்: ஷிஃப்ட் தொடங்கும்போதோ நடுவிலோ உடல்நிலை காரணமாக ஒருவரை நாங்கள் நிறுத்தினால் அன்றைய கூலி பிடிக்கப்படாது, ஒப்பந்தக்காரர் பில்லில் அது ஏறும். இது நடந்த பிறகுதான் ஆட்கள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். கருவிக்கு ஒதுக்கிய பணத்தை விட இந்த ஒரு முடிவு அதிகம் காப்பாற்றியது என்று உறுதியாகச் சொல்வேன்.

யார் கையில் எண்கள் போகின்றன என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஆரம்பத்தில் பலர் பட்டையை வேண்டுமென்றே தளர்த்திக் கட்டினார்கள். 'ஹார்ட்டு வீக்குன்னு எழுதி வேலையை விட்டுத் தூக்கிருவாங்க' என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஷிஃப்ட் பொறுப்பாளருக்குத் தெரிவது பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற நிறம் மட்டும். முழு எண்களும் ஆலை மருத்துவரிடம் இருக்கும். கேட்டால் அந்தந்த ஆளுக்கு அவருடைய எண்களைத் தருவார். மனிதவளப் பிரிவுக்கோ ஒப்பந்தக்காரருக்கோ போகாது. தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க 2023-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்திருக்கிறது என்பதைக் காட்டித்தான் இதை எழுத்தில் வாங்க முடிந்தது. தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, எல்லோரிடமும் படித்துக்காட்டி, அறையில் ஒட்டியிருக்கிறோம். வாயால் கொடுத்த உறுதியை நம்பி யாரும் பட்டையை இறுக்கிக் கட்ட மாட்டார்கள்.

ஓய்வு இடத்தில் என்ன செய்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கருவி வாங்க வழியில்லாத நிலையங்களுக்கும் இது உதவும். வெளியே வந்ததும் ஹெல்மெட், மாஸ்க், கோட் எல்லாம் கழற்ற வேண்டும், சூட் பேன்ட்டை முழங்கால் வரை இறக்கிவிட வேண்டும். இதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு கோட் பட்டனை மட்டும் திறந்துவிட்டு உட்காருகிறவர்கள்தான் அதிகம், வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்புறம் இரண்டு கைகளையும் முழங்கை வரை குளிர்ந்த நீரில் வைக்க வேண்டும். உள்ளங்கையிலும் முன்கையிலும் ரத்த ஓட்டம் அதிகம், சூடு அந்த வழியாக வேகமாக இறங்கும். சென்னை வெயிலில் மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கைவைக்க முடியாத சூட்டில் வரும், அதை வாளியில் பிடித்து வைத்துப் பயனில்லை. கேன்டீனில் இருந்து ஐஸ் கொண்டுவந்து போட வேண்டும். தீ என்று மணி அடித்ததும் கேன்டீன் பையன் ஐஸ் பெட்டியோடு கிளம்புவது எங்கள் ஆலையில் இப்போது அவசரத் திட்டத்திலேயே இருக்கிறது.

துடிப்பு எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று பார்க்கச் சென்சார் கட்டாயமில்லை. லூசியன் ப்ரூஹா என்ற உடலியல் நிபுணர் ஆலைத் தொழிலாளர்களுக்காக வகுத்த முறை ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. உட்கார்ந்த முதல் நிமிடத்தின் கடைசி முப்பது நொடியில் நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூன்றாவது நிமிடத்தின் கடைசி முப்பது நொடியில் மறுபடி எண்ணுங்கள். மூன்றாம் நிமிடத்தில் 90-க்குக் கீழே வந்துவிட்டால் நல்லது. 90-க்கு மேலேயே நின்று, முதல் எண்ணுக்கும் இதற்கும் 10 கூட வித்தியாசம் இல்லை என்றால் உடம்பு மீளவில்லை என்று அர்த்தம். தீயில் நின்று வருகிறவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் நிமிடத்தில் தேற மாட்டார்கள். அதனால் நாங்கள் பத்தாம் நிமிடத்திலும் இருபதாம் நிமிடத்திலும் திரும்பப் பார்க்கிறோம். இருபதிலும் இறங்காதவருக்கு அன்று இரண்டாவது சிலிண்டர் கிடையாது. இதில் எனக்கும் விதிவிலக்கு இல்லை.

இந்த முடிவை எடுப்பது யார்? உள்ளே யார் போனார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு பிரஷரோடு என்று போர்டில் எழுதும் ஆளுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று ஏட்டுக் கணக்குப் போட்டால் ஐம்பது நிமிடம் வரும். கடுமையாக உழைக்கிறவர் 80 லிட்டர் இழுப்பார். காற்று தீரப்போகிறது என்று 50 பாரில் விசில் அடிக்கும் வரை இருபது நிமிடம்தான் கையில் இருக்கிறது. இந்தக் கணக்கை ஐந்து பேருக்குப் போட்டுக்கொண்டிருப்பவரிடம் இன்னொரு திரையைக் கொடுப்பது அநியாயம். ஓய்வு இடத்தை மருத்துவ மைய நர்ஸிடம் ஒப்படைத்தோம். அவர் நிறுத்தச் சொன்னால் ஷிஃப்ட் பொறுப்பாளர்கூட மீற முடியாது என்று எழுத்தில் இருக்கிறது. 'சிஸ்டர், நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று எவ்வளவு கெஞ்சினாலும் அவர் அசைய மாட்டார்.

ஷிஃப்ட் தொடங்கும்போது ஓய்வுத் துடிப்பைக் குறித்துக்கொள்வதும் நல்ல பழக்கம். ஒருவருக்கு வழக்கமாக 72 இருந்து, இன்று 86 என்றால் கேட்க வேண்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போய் நீண்ட விடுப்பு முடித்து வருகிறவர்களின் துடிப்பு டிரில்லில் மற்றவர்களைவிட அதிகமாகப் போவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், இடைவெளி விட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். இப்போது விடுப்பில் இருந்து வருகிறவர்களையும் புதிதாகச் சேர்ந்தவர்களையும் முதல் வாரம் பம்ப் பக்கமே நிறுத்துகிறோம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி பற்றியும் எச்சரிக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு எல்லோர் பையிலும் அது இருக்கிறது. புகையில் நின்றவருக்கு அதை மாட்டினால் 98 என்று காட்டும், நாம் நிம்மதியாகிவிடுவோம். கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட ரத்தத்துக்கும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் சாதாரண மானிக்கு வித்தியாசம் தெரியாது. தலைவலி, குமட்டல், தடுமாற்றம் இருந்தால் மானி என்ன சொன்னாலும் ஆக்சிஜன் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கார்பன் மோனாக்சைடைப் பிரித்துக் காட்டும் மானி தனியாக விற்கிறது, முடிந்தால் வாங்குங்கள். தீ அணைந்த பிறகு இடிபாட்டைக் கிளறும்போது மாஸ்க்கைக் கழற்றிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த நேரத்தில் இடுப்பில் கேஸ் டிடெக்டர் இல்லாமல் யாரையும் விடாதீர்கள்.

எல்லோருக்கும் தெரிந்த பழைய உடற்சென்சார் ஒன்று பி.ஏ. செட்டிலேயே இருக்கிறது. ஆள் அரை நிமிடம் அசையாமல் கிடந்தால் ஊளையிடும் அபாய ஒலிக்கருவி. சும்மா நின்றுகொண்டிருந்தாலும் அது முதலில் மெதுவாக எச்சரிக்கும், ஆட்கள் பேச்சை நிறுத்தாமலேயே இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டி அதை அடக்குவார்கள். தினமும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போவதுதான் அதன் பலவீனம். டிரில்லில் எங்காவது அந்தச் சத்தம் முழுதாகக் கேட்டால், பொய்யோ நிஜமோ, எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அங்கே போக வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம்.

ஆள் எங்கே கிடக்கிறார் என்று சொல்லும் கருவி இன்னும் நம் கைக்கு முழுதாக வரவில்லை. 1999 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் ஜன்னலே இல்லாத குளிர்பதனக் கிடங்கில் தீப்பிடித்தபோது, வழிதவறிய இருவரைத் தேடப் போனவர்களும் சேர்ந்து ஆறு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அதே ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே ஆளின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி தொடங்கியது. ஜி.பி.எஸ். கட்டடத்துக்குள் எடுபடாது என்பதால், காந்தப்புலத்தை வைத்து இடம் சொல்லும் பாயின்ட்டர் என்ற கருவியை நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் உருவாக்கியது. நல்ல முயற்சி. ஆனால் நம் ஊரில் நாம் இழந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகத்தின் கலசமஹால் தீயில் கூரை விழுந்து ஒருவர். 2020 தீபாவளி நாளில் மதுரையில் ஜவுளிக்கடைக் கட்டடம் இடிந்து இருவர். நெஞ்சில் கட்டும் எந்தப் பட்டையும் கூரை விழப்போகிறது என்று சொல்லாது. பழைய கட்டடத்துக்குள் ஆளை அனுப்பலாமா என்று முடிவு செய்ய வரைபடமும் அனுபவமும் உள்ள அதிகாரி வேண்டும். சென்சார் வாங்கிவிட்டோம் என்று அந்தப் பயிற்சிக்கான பணத்தை வெட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

நீண்டகாலப் பாதிப்புக்கும் உடம்பில் அணியும் கருவி உண்டு. தீயணைப்பு வேலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ல் முதல் பிரிவில் வைத்தது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாதாரண சிலிகோன் ரப்பரில் செய்த கழுத்து வில்லையைத் தீயணைப்பு வீரர்களுக்கு அணிவித்து, அதில் ஊறிய ரசாயனங்களைப் பிறகு ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தார்கள். பேட்டரி கிடையாது, திரை கிடையாது. நம் ஊரில் அதை அளந்து கொடுக்க ஆய்வகம் கிடைப்பது கஷ்டம். அதுவரை செய்யக்கூடியது, கரி படிந்த ஃபயர் சூட்டையும் தலைமூடியையும் வீட்டுக்கு எடுத்துப்போகாமல் ஆலையிலேயே துவைப்பதும், ஷிஃப்ட் முடியும் வரை காத்திருக்காமல் உடனே குளிப்பதும்தான்.

எங்கள் ஆலையில் இப்போது கேட்டிருப்பது இன்னொரு குழுவுக்கு. ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் காலத்தில் டேங்குகளுக்குள் இறங்கிச் சேறு அள்ளுகிறவர்கள் ரசாயனத் தடுப்பு உடையோடும், வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் ஏர்லைன் மாஸ்க்கோடும் எங்களைவிட அதிக நேரம் உள்ளே நிற்கிறார்கள். தீ இல்லை என்பதைத் தவிர அவர்கள் படும் சூட்டுக்கும் நாங்கள் படுவதற்கும் வித்தியாசம் இல்லை. அவர்களுக்கும் பட்டை, ஐஸ் பெட்டி, நிறுத்தினால் கூலி பிடிக்காத அதே விதி மூன்றும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பட்டைக்கும் ஐஸுக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. கூலி விஷயம் அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் வருகிறது.